கடலில் மிதக்கும் வாட்டு, கரையில் நிற்கும் ஆட்கள்

ஏறாவூராருக்குக் கடலும் தெரியும், களப்பும் தெரியும். கிழக்கே போனால் புன்னைக்குடா, மேற்கே திரும்பினால் வாவி. ஆனால் பெரிய கப்பல் பார்க்க வேண்டுமென்றால் வாகரை, வெருகல், மூதூர் தாண்டித் திருகோணமலைக்குத்தான் போக வேண்டும். 2018 ஏப்ரல் கடைசியில் அந்தத் துறைமுகத்துக்கு வெள்ளை நிறத்தில், பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை தீட்டிய ஒரு கப்பல் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ‘மேர்சி’. எண்ணெய் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டு, 1980களில் வைத்தியசாலையாக மாற்றப்பட்ட கப்பல் அது. 1,000 கட்டில்கள், 12 ஒப்பரேஷன் தியேட்டர்கள்.

இலங்கைக்கு இப்படி ஒரு கப்பல் வந்தது அதுதான் முதல் தடவை என்றில்லை. 1968இல் ‘ஹோப்’ என்ற கப்பல் கொழும்புக்கு வந்தது. வில்லியம் வால்ஷ் என்ற அமெரிக்க வைத்தியர் 1958இல் தொடங்கிய அமைப்பின் கப்பல் அது. அதில் வேலை செய்த வைத்தியர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். ஊரில் நடக்கும் வேலையை இரண்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டு வந்து, அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பால்மாவையும் உப்பு நீக்கிய கடல்நீரையும் கலந்து பால் தரும் இயந்திரம் ஒன்றும் கப்பலில் இருந்தது. அதை ‘இரும்புப் பசு’ என்று அழைத்தார்கள். நோயாளிகளைக் குணமாக்குவதோடு, போகிற நாட்டின் வைத்தியர்களையும் தாதியரையும் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்குவதும் ‘ஹோப்’பின் நோக்கம்.

இன்று தொண்டர்களை நம்பியே ஓடும் வைத்தியசாலைக் கப்பல்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1978இல் தொடங்கிய ‘மேர்சி ஷிப்ஸ்’. கடற்படைக் கப்பலோடு பெயர்தான் ஒற்றுமை. இது ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். அதன் ‘ஆபிரிக்கா மேர்சி’ ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக் கடல் கடந்தது. ‘குளோபல் மேர்சி’ வைத்தியசாலையாகவே கட்டப்பட்டது. இரண்டும் ஆபிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கரை அணைந்து நிற்கும். கண்புரை, பிளந்த உதடு, முகத்தையே மறைக்கும் கட்டி, வளைந்த கால், தீப்பட்டு இறுகிய தோல், பிரசவத்தில் கிழிந்து வருடக்கணக்கில் சிறுநீர் ஒழுகும் பெண்களின் துன்பம் என்று வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் சத்திரசிகிச்சை செய்கிறார்கள்.

அங்கே வேலை செய்யப் போகிறவர் விமான டிக்கெட்டைத் தன் பணத்தில் எடுக்க வேண்டும்; கப்பலில் சாப்பிட்டுத் தங்குவதற்கும் மாதாமாதம் பணம் கட்டும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. சத்திரசிகிச்சை நிபுணருக்கும் அதே கதை, கோப்பை கழுவுகிறவருக்கும் அதே கதை. புதிதாக வருகிறவருக்குக் கிடைப்பது பலர் பங்குபோடும் சின்ன அறையில் ஓர் அடுக்குக் கட்டில். அதை மறைக்கிற திரைச்சீலைதான் அவருடைய கதவும் சுவரும். குளிப்பு இரண்டு நிமிடம்: உடம்பை நனை, குழாயை மூடு, சவர்க்காரம் போடு, திரும்பத் திற, முடி. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சே இல்லை. இரண்டு மாடி ஏறினால் அதுதான் வீடு. கப்பலுக்கென்று இரத்த வங்கி கிடையாது, தொண்டர்களின் நரம்புதான் வங்கி. பகலில் சமையலறையில் வெங்காயம் வெட்டியவர் இரவில் கூப்பிட்டதும் கையை நீட்டிப் படுப்பார்.

வாட்டுக்குள் போனால் நமக்குப் பழகின காட்சி ஒன்று உண்டு. நோயாளி கட்டிலில், துணைக்கு வந்தவர் அதே கட்டிலுக்குக் கீழே மெத்தையில். நம் ஆஸ்பத்திரிகளில் உம்மாவுக்கோ பிள்ளைக்கோ துணை நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவில் காய்ச்சல் பார்க்க வரும் தாதி, கீழே நீட்டியிருக்கும் கால்களை மிதிக்காமல் நடக்கப் பழகுவதே ஒரு பயிற்சி. பின்னேரம் நோயாளிகளை மேல்தளத்துக்குக் காற்று வாங்கக் கூட்டிப் போவார்கள். முகத்தில் பாதி பஞ்சும் கட்டுமாக இருக்கும் பிள்ளைகள் அங்கே விளையாட்டுக் கார் ஓட்டித் தொண்டர்களின் காலில் மோதும்.

இத்தனைக்கும் கடினமான வேலை சத்திரசிகிச்சை இல்லை. கப்பல் எடுக்கக் கூடிய நோயாளிகளைத் தெரிவு செய்யும் நாள்தான். வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கப்பலில் வைத்தியம் கிடையாது. முற்றிப் பரவிய புற்றுநோய்க்காரரை ஒப்பரேஷனால் காப்பாற்ற முடியாது. “எங்களால் ஏலாது” என்று அவருக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தாதி அதைத் தன் மொழியில் சொல்லுவார். நோயாளியின் கண்ணைப் பார்த்து, அவர் பாஷையில், அவர் தாங்கும் வேகத்தில் சொல்லுகிறவர் அந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்த்த ஆள். கப்பலின் பாதிப் பாரம் இவர் தோளில். படங்களில் அவர் முகம் அவ்வளவாக வருவதில்லை.

நம் பக்கத்திலும் நோயாளிகளை ஏற்றிய ஒரு கப்பல் ஓடியது. 2009 பெப்ரவரியில் இருந்து மே மாதத் தொடக்கம் வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு ‘கிரீன் ஓஷன்’ என்ற பயணிகள் கப்பலைக் கொண்டு இறுதிப் போர் நடந்த புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் வெளியே எடுத்தது. அது வைத்தியசாலைக் கப்பல் அல்ல, ஆட்களை ஏற்றி இறக்கும் கப்பல். அங்கே இறங்குதுறையும் இல்லை. காயப்பட்டவர்களை மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி, ஆழத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். துணைக்கு வந்தவர்களோடு சேர்த்து ஏறக்குறைய 14,000 பேர் அப்படி வந்தார்கள். அந்த வள்ளமும், அதைப் பிடித்து நின்ற கைகளும், இறக்கிய கரையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களும் இல்லாமல் கப்பல் மட்டும் வந்து என்ன செய்திருக்கும்?

வைத்தியசாலைக் கப்பல் புறப்படும் தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அது போன பிறகு தையல் வெட்டுவதும், புண் கட்டுவதும், வளைவு நிமிர்ந்த காலைப் பயிற்சி கொடுத்து நடக்கவைப்பதும் ஆதார வைத்தியசாலைக்கும் கிளினிக்குக்கும் வந்து சேரும் வேலை. இலவச வைத்தியம் உள்ள நாடு என்பதால் அந்த வேலையை ஏற்க நம்மிடம் ஆஸ்பத்திரி இருக்கிறது; பல துறைமுகங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே நாளை திருகோணமலைக்கு இன்னொரு வெள்ளைக் கப்பல் வந்தால், எத்தனை ஒப்பரேஷன் செய்தது என்ற கணக்கோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்போம்: நம் வைத்தியர், தாதியரில் யார் யார் பக்கத்தில் நின்று பழகினார்கள்? நோயாளியின் கோவை யார் கையில் ஒப்படைக்கப்பட்டது? மொழிபெயர்த்துக் கைகொடுக்கவும் ஆள் வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஏறாவூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை தேடி அலைகிறார்கள். கப்பல் வரும்வரை காத்திருக்காமல், பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் மொழி தெரியாமல் முழிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் வாரத்தில் ஒரு காலை நின்றாலே தொண்டு தொடங்கிவிடும். அதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.