வடபுலத்து வீராங்கனைகள்

ஒரு நாட்டின் புகழைத் தலைநகரைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். பெரிய நகரம், பெரிய மைதானம், பெரிய பணம் இவை மூன்றும் கூடிய இடத்தில்தான் வெற்றி பிறக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தைச் சில ஆண்டுகளேனும் பொய்யாக்கிக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டின் ஊமெயோ நகரத்து மகளிர். ஐரோப்பாவின் பெருநகரங்கள் எல்லாம் பார்த்திருக்க, கால்பந்துக் கோப்பையை இருமுறை வடகோடிக்கு எடுத்துச் சென்ற அவர்களுடைய கழகத்தின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஊரும் கழகமும்

தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் ஊமெயோவை அடையலாம். 1888-இல் பெருந்தீயொன்று இந்நகரின் பெரும்பகுதியை அழித்தது. மீண்டும் ஊரைக் கட்டியவர்கள், இனித் தீ பரவாதிருக்கும் பொருட்டு அகன்ற வீதிகளை அமைத்து, அவற்றின் ஓரங்களில் பூர்ச்ச மரங்களை நட்டனர். இன்றும் ‘பூர்ச்ச மர நகரம்’ என்பதே இதன் செல்லப் பெயர். 1965-இல் இங்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஊர் மாணவர் நகரமாயிற்று.

கோடையில் இங்கு இரவு என்பதே பெயரளவில்தான். கடுங்குளிர் காலத்திலோ பகல் வெளிச்சம் நான்கைந்து மணி நேரமே. பல மாதங்கள் தரையைப் பனி மூடிக் கிடக்கும். கால்பந்துக்கு ஏற்ற ஊர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் 1917-இலேயே ‘ஊமெயோ ஐ.கே.’ என்ற விளையாட்டுக் கழகம் இங்குத் தோன்றிவிட்டது. அதன் மகளிர் அணி 1985-இல்தான் தொடங்கப்பட்டது. எனினும் கழகத்தின் பெயரை உலகறியச் செய்தவர்கள் பெண்களே.

வழி சமைத்தவர்கள்

பெண்கள் பந்தை உதைப்பதை ஐரோப்பா எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது; அத்தடை அரை நூற்றாண்டு நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இத்தகைய தடை இருந்தது. சுவீடனிலும் பெண்களின் ஆட்டம் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றியதில் ஒரு சிற்றூருக்குப் பெரும்பங்கு உண்டு. மேற்குச் சுவீடனில் உள்ள ஓக்சபெக் என்னும் ஊரில் 1966-இல் மகளிர் அணி ஒன்று உருவாயிற்று. 1973-இல் மகளிருக்கான தேசியப் பட்டம் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அதை வென்றது இவ்வணியே. அதே ஆண்டில் சுவீடன் மகளிர் அணி பின்லாந்துடன் தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. 1984-இல் இங்கிலாந்தை வென்று ஐரோப்பியப் பட்டமும் பெற்றது. இந்த வெற்றி கிடைத்த மறு ஆண்டில் ஊமெயோவில் மகளிர் அணி பிறந்தது. 1988-இல் நாடு முழுமைக்கும் ஒரே முதல்நிலை மகளிர் லீக் அமைந்தது.

பொற்காலம்

2000-ஆம் ஆண்டில் ஊமெயோ முதன்முறையாக நாட்டின் பட்டத்தை வென்றது. 2001, 2002 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அங்கேயே தங்கியது. 2002-இல் ஹன்னா யுங்பெரி என்னும் வீராங்கனை, 22 ஆட்டங்களே கொண்ட லீக் பருவத்தில் 39 கோல்கள் அடித்தார். அவர் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வந்தவர் அல்லர், ஊமெயோவிலேயே பிறந்தவர்.

ஐரோப்பியக் கழகங்களுக்கான மகளிர் கோப்பைப் போட்டி 2001-02 பருவத்தில் தொடங்கியது. அதன் முதல் இறுதியாட்டத்தில் ஊமெயோ பிராங்க்பர்ட் அணியிடம் 2-0 என்று தோற்றது. அடுத்த ஆண்டு முதல் இறுதிப்போட்டி, இரு அணிகளின் ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டமாக ஆடி, இரண்டின் கோல்களையும் கூட்டி முடிவு காணும் முறைக்கு மாறியது. 2003-இல் டென்மார்க் நாட்டு ‘பார்ச்சூனா’ கழகத்தை மொத்தம் 7-1 என்று வென்று ஊமெயோ கோப்பையைக் கைப்பற்றியது. 2004-இல் எதிரே நின்றது பழைய பிராங்க்பர்ட் அணி. முதல் ஆட்டத்தில் 3-0. பிராங்க்பர்ட்டுக்கே சென்று ஆடிய இரண்டாம் ஆட்டத்தில் 5-0. ஈராண்டுக்கு முன் பட்ட தோல்விக்கு இதைவிடச் சிறந்த விடை வேறு என்ன இருக்க முடியும்?

பிரேசில் தந்த பெண்மணி

அதே 2004-இல் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண் பிரேசிலிலிருந்து இப்பனி நாட்டுக்கு வந்தார். அவர்தாம் மார்த்தா. அவருடைய நாட்டில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதைச் சட்டமே தடுத்திருந்தது. தடை நீங்கிய பின்னும் சிற்றூர்களில் நிலை பெரிதும் மாறவில்லை. சிறுவர்களோடு ஆடியே ஆட்டம் பழகிய மார்த்தா, பதினான்கு வயதில் வீட்டை விட்டு ரியோ நகரம் சென்றார். அங்கு அவர் சேர்ந்த கழகம் சில ஆண்டுகளில் தன் மகளிர் அணியையே கலைத்துவிட்டது.

வெப்ப நாட்டில் கிடைக்காத களம் அவருக்குக் குளிர் நாட்டில் கிடைத்தது. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை ஊமெயோ வென்றது. அவற்றுள் 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் உலகின் சிறந்த வீராங்கனை என்ற விருது ஊமெயோவில் ஆடிய மார்த்தாவுக்கே கிடைத்தது. 2008-இல் பிராங்க்பர்ட்டில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தைக் காண 27,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதில் ஊமெயோ தோற்றது. எனினும் வேடிக்கை என்று எள்ளப்பட்ட ஆட்டத்துக்கு அத்தனை பேர் சீட்டு வாங்கி வந்ததும் ஒரு வெற்றியே அன்றோ?

இறங்குமுகம்

2008-உடன் பொற்காலம் முடிந்தது. மார்த்தா அமெரிக்காவின் புதிய தொழில்முறை லீக்குக்குச் சென்றார். ஊமெயோ அதன்பின் நாட்டின் பட்டத்தை வெல்லவில்லை. 2016-இல் முதல்நிலை லீக்கிலிருந்தே கீழிறங்கியது. 2020-இலும் 2022-இலும் மேலேறி வந்தும், ஒவ்வொரு முறையும் ஓராண்டு கூட நிலைக்க முடியாமல் திரும்பியது.

காரணத்தை நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. மகளிர் ஆட்டம் மக்களை ஈர்க்கும் என்பது தெரிந்ததும், ஆடவர் அணிகளால் செல்வமும் செல்வாக்கும் பெற்ற பெருங்கழகங்கள் இத்துறைக்குள் நுழைந்தன. சுவீடனில் கோத்தன்பர்க் நகர மகளிர் அணியை 2021-இல் ஹெக்கன் கழகம் ஏற்றுக்கொண்டது. 2023-இல் தலைநகரின் ஹம்மர்பி பட்டம் வென்றது. தனித்து நின்ற சிறு கழகம் அப்பந்தயத்தில் ஈடு கொடுக்க இயலவில்லை.

பணம் மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. மார்த்தா பின்னர் ஆடிய தீரெசோ என்னும் சுவீடன் கழகம் புகழ்பெற்ற வீராங்கனைகளைக் கடன்பட்டுச் சேர்த்தது. 2014-இல் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை சென்றது. அதே ஆண்டில் பொருள் முறிந்து, பருவத்தின் நடுவிலேயே லீக்கை விட்டு விலகியது. வீடு கட்டியவர்கள் அடித்தளத்தை மறந்ததன் விளைவு அது.

ஊமெயோவின் அடித்தளம் வேறு வகையானது. கோப்பைகள் வருமுன்பே அங்குப் பெண்களுக்கென ஓர் அணி இருந்தது. கோப்பைகள் போன பின்னும் இருந்தது. மார்த்தாவுக்கு ரியோவில் கிடைக்காமற் போனது கோப்பை அன்று. நாளையும் கலையாமல் இருக்கும் ஓர் அணி. ஒரு கழகத்தை அது வென்ற ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அளந்தால் ஊமெயோவின் கதை 2008-இல் முடிந்துவிடும். தோற்ற ஆண்டுகளிலும் பெண்களுக்காக அதன் களம் திறந்திருந்தது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் அக்கழகத்தின் பெருமை நமக்கு முழுமையாக விளங்கும்.