மணல்மேல் அமையும் வீடு

மணல்மேல் வீடு கட்டியவன் அறிவிலி, பாறைமேல் கட்டியவனே அறிவாளி என்று நம் ஆண்டவர் உவமை கூறினார். மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் நாம் படிக்கும் இவ்வுவமை மனிதர் கட்டும் வீட்டைப் பற்றியது. மணல்மேல்தான் அமைய வேண்டிய வீடு ஒன்றும் உண்டு. அதுவே நம் இல்லங்களில் வைக்கும் கண்ணாடி மீன் தொட்டி. அவ்வீட்டுக்கும் அடித்தளத்தை ஆராய்ந்தே இட வேண்டும்.

கடைக்குச் செல்லும் நாம் முதலில் மீனைப் பார்க்கிறோம். அடுத்துத் தொட்டியைப் பார்க்கிறோம். கடைசியில், "நீல மணல் இரண்டு பொட்டலம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாய் மிதக்கும்போது, "மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். குறை ராசியில் இல்லை, தோழியரே! தொட்டியை நாம் ஆயத்தம் செய்த முறையில் உள்ளது. அதில் மணலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மணலின் பணி

மணல் அழகுக்கு மட்டும் இடப்படுவதன்று. இங்கிலாந்து நாட்டு வேதியியலார் இராபர்ட் வாரிங்டன் 1850இல் தம் சோதனை ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கலத்தின் அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரு சிறு தங்கமீன்களை விட்டார். அழுகிய இலைகளால் நீர் கலங்கவே, அவற்றைத் தின்னும் நத்தைகளையும் சேர்த்தார். நீர் தெளிந்தது, மீன்கள் நலமாக வாழ்ந்தன. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்குவதை இச்சோதனை காட்டியது.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கூட்டமும் மணலில் உழைக்கிறது. மீனின் கழிவும், உண்ணாது விட்ட இரையும் அம்மோனியாவாக மாறும். இது மீனுக்கு நஞ்சு. மணல் மணிகளின்மேல் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று; செடிகளுக்கு அது உணவும் ஆகும். 1890இல் வினோகிராட்ஸ்கி என்னும் அறிஞர் இந்நுண்ணுயிர்களின் செயலை விளக்கினார்.

இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து மீன்களை விட்டால் அவை மடிவது இதனாலேயே. நெடுநாள் நல்ல நிலையில் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் எடுத்துச் சேர்த்தால், பாலில் உறை ஊற்றியதுபோல நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

மணியின் அளவு

மாவுபோன்ற பொடிமணல் இறுகிவிடும். அதனுள் நீரும் பிராணவாயுவும் செல்லா. அங்கே அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகலாம். மணலில் கருந்திட்டுகள் தோன்றுவது இதற்கு அறிகுறி. மிகப் பருத்த சரளைக் கற்களிலோ, இரை இடுக்குகளில் விழுந்து அழுகும். ஆதலால் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை அளவுள்ள உருண்டையான மணல் பெரும்பாலான தொட்டிகளுக்கு ஏற்றது. இருவகைக் கண்ணுள்ள சல்லடைகள் இருந்தால் வீட்டிலேயே சலித்துப் பிரிக்கலாம்.

மணியின் வடிவமும் முக்கியம். கட்டடத்துக்குப் பயன்படும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. அதன் விளிம்புகள் கூர்மையானவை, தூசியும் மிகுதி. அடித்தளத்தில் இரை தேடும் மீன்களின் மென்மையான மீசைகளை அது புண்படுத்தும். தரமற்ற சாயமணலோ நீரில் நிறம் விடும்.

சுண்ணாம்புச் சோதனை

கடல் மணலில் உப்போடு சிப்பித் துகள்களும் கலந்திருக்கும். உப்பைக் கழுவிப் போக்கலாம்; சிப்பியின் சுண்ணாம்பைப் போக்க முடியாது. அது மெல்லக் கரைந்து நீரைக் கடின நீராகவும் காரத்தன்மை உடையதாகவும் ஆக்கும். அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீரில் தோன்றிய டெட்ரா மீன்களுக்கு இது ஆகாது. கப்பி, மோலி போன்றவை கடின நீரைத் தாங்கும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கரண்டி உலர்ந்த மணலின்மேல் சிறிது வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழிகள் எழுந்தால் சுண்ணாம்பு உண்டு, அம்மணலைத் தவிருங்கள். வேதியியல் வகுப்பில் நாம் கற்ற கார்பனேட்டுச் சோதனையே இது. கடற்கரையில் கிடைக்கும் பவளத் துண்டுகளும் நன்னீர்த் தொட்டிக்கு ஆகா. அவற்றை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எம்மீனுக்கு எம்மணல்?

நம் ஆறுகளில் வாழும் அயிரை மீனை எல்லோரும் அறிவோம். அது மணலில் புதைந்து ஒளியும். மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும். அதற்கு மென்மையான குறுமணலே வீடு. கூழாங்கற்களின்மேல் விட்டால் பிழைக்கலாம். தன் இயல்போடு வாழாது. தங்கமீனும் அடித்தளத்தைக் கிளறும் மீன். வாயில் சிக்கிக்கொள்ளும் அளவுள்ள கற்கள் அதற்கு ஆபத்து. எனவே அதற்கு மெல்லிய மணலே நல்லது. செடி வளர்க்க விரும்பினால் வேர் ஊன்ற 5 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். செடியில்லாத் தொட்டிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும்.

ஒரு கணக்கும் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் இட, 9 லிட்டர் மணல் வேண்டும். ஒரு லிட்டர் உலர்மணல் சுமார் 1.6 கிலோ எடை கொண்டது. ஆக, மணல் மட்டுமே 14 கிலோவுக்கு மேல் இருக்கும். நீரின் எடை தனி. தொட்டியைத் தாங்கும் மேசை உறுதியானதா என்று பெற்றோரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

இடும் முறை

மணலைச் சிறிது சிறிதாக வாளியில் இட்டு, அரிசி களைவதுபோல் கையால் கிளறிக் கழுவுங்கள். கலங்கிய நீர் தெளியும்வரை பலமுறை கழுவ வேண்டும். சோப்பு கூடவே கூடாது. தொட்டியில் மணலைப் பின்புறம் சற்று உயர்வாகவும் முன்புறம் தாழ்வாகவும் பரப்புங்கள். அதன்மேல் ஒரு தட்டு வைத்து, தட்டின்மேல் மெல்ல நீரை ஊற்றினால் மணல் கலையாது. குளோரின் கலந்த குழாய் நீரானால், முதல் நாளே வாளியில் திறந்து வைத்து, மறுநாள் ஊற்றுவது நன்று.

பின்னர்த் துப்புரவு செய்யும்போது மணல் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவாதீர்கள். நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் அதனால் அழியும். குழாய் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியின் அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும்.

எங்கிருந்து பெறுவது?

ஆற்று மணல் நம் தொட்டிக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் வாளியோடு ஆற்றுக்குப் புறப்பட வேண்டாம். உலகம் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் தெரிவித்தது. மணல் அள்ளிய ஆறு ஆழ்ந்து போகும். அருகிலுள்ள கிணறுகளின் நீரும் கீழே இறங்கும். நம் தொட்டியின் மீனுக்காக ஆற்றிலுள்ள அயிரையின் வீட்டைக் கலைப்பது அறமாகுமா? மீன் கடைகளில் கழுவிச் சலித்த குவார்ட்ஸ் மணல் கிடைக்கும். வீடு கட்டியோரிடம் முன்பே வாங்கிய ஆற்று மணல் மிச்சம் இருந்தால் ஒரு வாளி கேட்டுப் பெறலாம். நன்கு கழுவினால் ஒரே மணலைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். அவ்வில்லத்தின் மிகச் சிறிய அறை நம் கண்ணாடித் தொட்டி. அதில் அடைபட்ட மீன் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ள இயலாது. நாம் இடுவதே அதன் உலகம். ஆகவே மணல் வாங்கும்போது, "எது நம் கண்ணுக்கு அழகு?" என்று கேட்குமுன், "எது இவ்வுயிருக்கு நலம்?" என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை தேடி இடும் மணலின்மேல் அமையும் வீடு நிலைத்து நிற்கும்.