சிறுநீர் தரும் முன்னறிவிப்பு

“கிரியேட்டினின் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கே, அப்புறம் என்ன கவலை?” சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் இந்த நிம்மதி முழுக்கச் சரியானதல்ல. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிப்பதில்லை. பலருக்கு அதன் செயல்திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாகக் கூடுகிறது. அதற்கு முன்பே சேதி சொல்வது சிறுநீர்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு வடிகட்டி. அதையடுத்து, வடிந்ததில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய். வடிகட்டி பழுதானால் ஆல்புமின் என்னும் புரதம் கசியும். நுண்குழாய் பழுதானால்? அங்கேதான் என்சைம், அதாவது நொதி, துப்புக் கொடுக்கிறது.

நுண்குழாய்ச் செல்களுக்குள் ‘என்.ஏ.ஜி.’ என்ற நொதி இருக்கிறது. இதன் மூலக்கூறு ஆல்புமினைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரியது; ஆகவே இரத்தத்திலிருந்து வடிகட்டியைத் தாண்டி வருவது அரிது. சிறுநீரில் இது அதிகம் தென்பட்டால், அந்தச் செல்களே சேதமடைகின்றன என்று பொருள். வாசலில் அரிசி சிந்தியிருந்தால் உள்ளே மூட்டை கிழிந்திருக்கிறது என்று ஊகிப்பதைப் போலத்தான். சில நோயாளிகளுக்கு ஆல்புமின் கூடுவதற்கு முன்பே இது கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளாலும், காட்மியம் போன்ற உலோகங்களாலும்கூட இது ஏறும். அதனால் இது இன்னும் வழக்கமான பரிசோதனையாகவில்லை.

இரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி உயர்ந்தால், சர்க்கரை நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் கொழுப்புக் கல்லீரலையும் சந்தேகிக்க வேண்டும். அது நார்மலாக இருப்பதாலேயே கல்லீரலில் கொழுப்பு இல்லை என்றாகிவிடாது.

சரி, நாம் கேட்க வேண்டிய டெஸ்ட் எது? சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். டைப் 2 நோயாளிகள் நோய் தெரிந்த நாளிலிருந்தும், டைப் 1 நோயாளிகள் 5 ஆண்டுகள் கழித்தும், ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது. ஒருமுறை கூடினால் பதற வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் ஏறும். 3 முதல் 6 மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் உறுதி. அப்போதும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, டாக்டர் தரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சேதத்தின் வேகத்தைக் குறைக்கலாம்.

மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நாம் பாத்திரம் பண்டத்தோடு பழைய ரிப்போர்ட் ஃபைலையும் மறக்காமல் எடுத்துச் செல்வோம். போன வருட எண்ணோடு ஒப்பிட்டால்தான் இந்த வருட எண் பேசும்.