ஏறிய சுருதி இறங்கி வருகிறதா?

பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றை விலை பேச வரும் தேர்ந்த இசைஞர் முதலில் பாட்டு எதுவும் வாசிப்பதில்லை. ஒரு தந்தியை மீட்டி டியூனரைப் பார்க்கிறார். காலால் ஒரு பெடலை மிதித்து, விட்டு, அதே தந்தியை மறுபடி மீட்டி மறுபடி பார்க்கிறார். பத்துத் தந்திகளையும் இப்படிச் சோதித்த பிறகு வாத்தியத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் டார்ச் அடிக்கிறார். மேலே மினுங்கும் மேப்பிள் மரத்தையும் அதன் பூச்சையும் அவர் பார்ப்பது கடைசியில்தான்.

இந்த வரிசைக்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது. வீணை வாங்குபவர் மரத்தின் நாதத்தைத் தேடிப் போகிறார். பெடல் ஸ்டீல் வாங்குபவர் பெரும்பங்கு ஒரு இயந்திரத்தை வாங்குகிறார். தந்தியின் இழுவிசையைக் கச்சிதமாக ஓரளவு கூட்டுவது அல்லது குறைப்பது, பிறகு பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவது, இவ்வளவுதான் அந்த இயந்திரத்தின் வேலை. ஏற்றுவது எளிது. இம்மி பிசகாமல் திரும்பி வர வைப்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது.

இந்த வாத்தியத்தின் வேர் ஹவாய்த் தீவுகளில். 1880களின் இறுதியில் ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற இளைஞர், கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அந்த ஒலி அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1930களில் அதற்கு மின்சாரம் வந்தது. ஆனால் ஒரு குறை மிச்சமிருந்தது. எஃகு உருளை நேர்கோடு. எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் மேலே கொண்டுபோகும், ஒரே அளவில் கீழே கொண்டுவரும். தந்திகளுக்கு இடையே உள்ள உறவை மாற்ற அதனால் முடியாது.

நம் வாத்தியங்களைக் கொண்டு சொன்னால் இது உடனே விளங்கும். கோட்டுவாத்தியத்தில் கட்டை நகரும்போது அதிரும் தந்தியின் நீளம் மாறுகிறது. வீணையில் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது இழுவிசை மாறுகிறது. இரண்டு வழியிலும் சுரம் நகரும். பெடல் ஸ்டீலில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இடக்கை உருளையால் நீளத்தை ஆள, இடக்காலும் இரண்டு முழங்கால்களும் இழுவிசையை ஆள்கின்றன. வலக்காலுக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனி பெடல். வலக்கை விரல்களில் நகமாட்டிகள். உடம்பில் சும்மா இருக்கும் பாகமே கிடையாது.

பெடல் வைத்த ஸ்டீல் கிட்டார்கள் 1940 வாக்கிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அப்போது அவற்றின் பயன் வாசிப்புக்கு நடுவே சுருதிக் கட்டை மாற்றிக்கொள்வது. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா முழுவதும் கேட்டது 1954ல், வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில். வாசித்தவர் பட் ஐசக்ஸ். ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதன் பக்கத்துச் சுரங்கள் கரைந்து மேலேறின. அதற்குப் பிறகு ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் வாத்தியத்தில் பெடல் பூட்டத் தொடங்கினார்கள். 1957ல் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து ஷோ-பட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1960களில் எம்மன்ஸ் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே இன்னொரு நிறுவனம் உருவாகக் காரணமானார். இன்று பழைய வாத்தியச் சந்தையில் அதிகம் அடிபடும் பெயர்கள் இந்த இரண்டும்தான்.

இனி அந்த இயந்திரத்துக்குள் போவோம். பெடலை மிதித்தால் செங்குத்துக் கம்பி கீழிறங்கும். அது வாத்தியத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் தண்டைத் திருப்பும். தண்டில் பொருத்திய சிறு கொக்கி, நீண்ட இழுகம்பி ஒன்றை இழுக்கும். இழுகம்பி வலது ஓரத்தில் இருக்கும் ‘சேஞ்சர்’ என்ற பகுதியில் ஓர் அலுமினிய விரலைச் சுழற்றும். தந்தி அந்த விரலின் வளைந்த தலைமேல் ஏறித்தான் போகிறது. அதாவது இந்த வாத்தியத்தின் குதிரை அசையும் குதிரை. காலை எடுத்ததும் தந்தியின் இழுவிசையும் சுருள்வில்களும் விரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எவ்வளவு அசைய வேண்டும்? இ9 என்ற வழக்கமான சுருதிக் கட்டில் ஐந்தாம் தந்தி ‘பி’. முதல் பெடல் அதை ஒரு முழுச் சுரம் ஏற்றி ‘சி ஷார்ப்’ ஆக்குகிறது. அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தாங்கியிருந்த தந்தி 14 கிலோவைத் தாங்க வேண்டும். இதற்குத் தந்தி நீள வேண்டிய அளவோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு முழுச் சுரமே அடங்கியிருக்கிறது. நல்ல காது அந்தச் சுரத்தில் நூறில் சில பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். அப்படியானால் சேஞ்சர் திரும்பி வந்து நிற்க வேண்டிய துல்லியம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய இயந்திரத்திடம் நாம் இதைத்தான் கேட்கிறோம். பராமரித்து வைத்திருந்தால் அது செய்தும் காட்டுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மேற்கத்திய இசையில் ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பிரித்து ஒரு பங்கை ‘சென்ட்’ என்பார்கள். ஏற்றிவிட்டு இறக்கிய தந்தி முதலில் இருந்த இடத்திலிருந்து சில சென்ட் பிசகி நின்றால் அதற்குப் பெரும்பாலும் உராய்வே காரணம். சேஞ்சர் விரல்கள் கோத்திருக்கும் அச்சில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். பிருடைப் பக்கம் தந்தியைத் தாங்கும் சிறு உருளிகள் சுழலாமல் சிக்கியிருக்கலாம். சுருள்வில் தளர்ந்திருக்கலாம். மூன்றும் சரிசெய்யக்கூடியவை. ஆகவே சுருதி திரும்பாத வாத்தியம் என்றதும் ஓட வேண்டியதில்லை. காரணம் அழுக்கா, தேய்மானமா என்று கேட்க வேண்டும். அழுக்கு என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். அச்சே தேய்ந்து விரல்கள் ஆடினால் செலவு பெரிது.

இரண்டாவது சோதனை இன்னும் சுவாரசியமானது. நான்காம் தந்தி ‘இ’. முதல் இரண்டு பெடல்களும் அதைத் தொடுவதே இல்லை. அந்தத் தந்தியை மீட்டி, இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதித்தால் அது அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் பல வாத்தியங்களில் சில சென்ட் இறங்கும். மற்றத் தந்திகளில் கூடிய இழுவிசையால் மரப்பெட்டியும் சேஞ்சர் அச்சும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து கொடுக்கின்றன. பத்துத் தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. மேப்பிள் போன்ற கடினமான மரம்கூடக் கொஞ்சம் இளகத்தான் செய்யும். இந்த இறக்கம் அறவே இல்லாத வாத்தியம் அரிது. இரண்டு மூன்று சென்ட் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. பத்தைத் தாண்டினால் பெட்டியில் விரிசலோ இணைப்புத் தளர்ச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டியூனரைக் கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. பெடல் ஸ்டீல் கலைஞர்கள் பலர் காந்தாரத்தை டியூனர் காட்டும் இடத்திலிருந்து 14 சென்ட் வரை தாழ்த்தி வைக்கிறார்கள். சமமாகப் பிரித்த பியானோச் சுரங்களில் இருக்கும் அலைமோதல் நீங்கி, இயற்கையான 5:4 விகிதம் அங்கேதான் கிடைக்கிறது. இந்த வாத்தியத்தில் மெட்டு கிடையாது, அடியில் கோடுகள்தான் வரைந்திருக்கும். அதனால் இந்தச் சுதந்திரம் உண்டு. ‘இ’க்குக் காந்தாரமான ‘ஜி ஷார்ப்’ தந்தி தாழ்ந்து நிற்கிறதே என்று வாங்குபவர் குறை சொன்னால், விற்பவர் நல்ல காது உள்ளவர் என்பதே பொருளாக இருக்கலாம்.

அந்த ‘ஜி ஷார்ப்’, மூன்றாம் தந்தி, அடிக்கடி அறும். இதையும் பலர் வாத்தியத்தின் கோளாறாக எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் தாங்கும் என்று தோன்றும். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. தடித்த தந்திக்கு வலு எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவு எடையும் கூடுகிறது. அதே சுருதிக்குக் கொண்டுவர அதே மடங்கு அதிகமாக இழுக்க வேண்டும். கடைசியில் ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகின்மேல் விழும் சுமை மாறுவதே இல்லை. குறிப்பிட்ட நீளத்தில் எஃகுத் தந்தி எட்டக்கூடிய உச்ச சுருதி, தந்தி மெல்லியதோ தடித்ததோ, ஏறத்தாழ ஒன்றேதான். மூன்றாம் தந்தியை ‘ஏ’ வரை ஏற்றும்போது எஃகு தன் எல்லையை நெருங்கிவிடுகிறது. தந்தியின் நீளம் இருபத்துநாலரை அங்குலத்திலிருந்து இருபத்துநான்காகக் குறைந்தால் அந்தச் சுமை 4 சதவீதம் குறையும். அரை அங்குலத்துக்குக் கலைஞர்கள் வாதாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதுத் தந்திகூட ஓரிரு நாளில் அறுகிறது என்றால் அலுமினிய விரலின் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும். பல்லாண்டு உரசியதில் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். தேய்த்து மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த வாத்தியம் பழையதாகவே அதிகம் கைமாறுவதற்குக் காரணம் உண்டு. பெரிய தொழிற்சாலைகள் இதைச் செய்வதில்லை. சிறு பட்டறைகள் முன்பதிவுக்கேற்ப ஒவ்வொன்றாகச் செய்கின்றன. சாதாரண இசைக்கடையில் ஒன்றைக் காண்பதே அரிது. நாஷ்வில்லிலும் டெக்சஸிலும் கலைஞர்கள் கூடும் இடங்களில் கைக்குக் கை மாறும். ஒவ்வொன்றும் முந்தைய உரிமையாளரின் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அமைந்தது. எம்மன்ஸ் முறையில் பெடல்கள் இடமிருந்து வலமாக ஒரு வரிசை. ஜிம்மி டே என்ற கலைஞரின் முறையில் அதற்கு நேர் எதிர். முழங்கால் நெம்புகோல்களில் எது எந்தத் தந்தியை ஏற்றும், எது இறக்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பல வாத்தியங்களில் இழுகம்பிகளை இடம்மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதற்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும்.

புதிதாகக் கற்க வருபவர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஷோ-பட் நிறுவனத்தின் மேவரிக் என்ற பழைய மாணவர் வகை குறைந்த விலைக்குக் கிடைக்கும், பெயரும் பெரிய பெயர். ஆனால் மூன்று பெடலோடு ஒரே ஒரு நெம்புகோல்தான் பெரும்பாலும் இருக்கும். மேற்கொண்டு சேர்ப்பது எளிதல்ல. இன்றைய பாடநூல்கள் நான்கு நெம்புகோல்களையாவது எதிர்பார்க்கின்றன. சில மாதங்களிலேயே மாணவர் அதன் எல்லையில் முட்டிக்கொள்வார். பூச்சு உரிந்த, கீறல் விழுந்த, ஆனால் மூன்று பெடலும் நான்கு நெம்புகோலும் சுருதி பிசகாமல் இயங்கும் பெயர் தெரியாத வாத்தியம் அதைவிட நூறு மடங்கு மேல். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ‘பிக்கப்’ கெட்டிருந்தால்கூடக் கவலையில்லை. புதுச் சுருள் சுற்றலாம், வேறு மாற்றலாம்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேல்பக்கத்தை மட்டும் துடைத்துப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். கவிழ்த்து வைத்து, தண்டுகளும் இழுகம்பிகளும் தெரிய அடிப்பக்கத்தை எடுங்கள். எந்தப் பெடல் எந்தத் தந்தியை எங்கே கொண்டுபோகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கு கால்களையும், பெடல் கம்பிகள் ஒவ்வொன்றையும் இடக்குறிப்போடு கட்டிப் பெட்டியில் போடுங்கள். கம்பி ஒன்று தொலைந்தாலும் அந்தப் பெடல் வேலை செய்யாது.