கேம் தண்டு மாற்றுதலும் குறுக்குவழியும்

ஒரு வேலையின் படிகளைக் குறைத்துச் செய்வோர் இருவகையினர். ஒரு படியின் காரணத்தை அறிந்து, அக்காரணம் பொருந்தாத இடத்தில் அதனை விடுவோர் ஒருவகையினர். காரணத்தை அறியாது, நேரமும் பணமும் மிஞ்சும் என்ற எண்ணத்தால் மட்டும் விடுவோர் மற்றொரு வகையினர். முன்னையோர் செய்வது சிக்கனம். பின்னையோர் செய்வது குறுக்குவழி. இவ்வேறுபாட்டை மோட்டார் வண்டியின் கேம் தண்டை மாற்றும் வேலையிற் தெளிவாகக் காணலாம். 1948 இல் முதன்முதலாக வெளிவந்ததும், இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படுவதுமான மொறிஸ் மைனர் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வண்டியில் 1952 முதல் 'ஏ' வரிசை எனப்படும் இயந்திரம் பொருத்தப்பட்டது.

நான்கு உருளைகளையுடைய இவ்வியந்திரத்தில் எட்டு வால்வுகள் உள்ளன. அவற்றைத் தக்க காலத்திற் திறப்பது கேம் தண்டின் தொழிலாகும். தண்டிலுள்ள முட்டைவடிவான மேடு சுழலும்பொழுது, அதன்மேல் நிற்கும் டப்பெற் என்னும் சிறு துண்டு மேலெழுகின்றது. டப்பெற் தள்ளுகோலையும், தள்ளுகோல் றொக்கரையும், றொக்கர் வால்வையும் அசைக்கின்றன. மூடுவது வில்லின் வேலை. கிராங்குத் தண்டு இருமுறை சுழல, கேம் தண்டு ஒருமுறை சுழலும். இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு மேடும் தன் டப்பெற்றைச் செக்கனுக்கு 25 முறை உயர்த்துகின்றது.

இத்துணை வேலையும் மிகச் சிறிய பரப்பொன்றிலேயே நிகழ்கின்றது. வில்லின் விசை முழுவதையும் மேடும் டப்பெற்றும் தொடுகின்ற ஒடுங்கிய கோடே தாங்குகின்றது. அவ்விடம் விரைவிற் தேயாதிருக்க ஓர் உபாயம் செய்யப்பட்டுள்ளது. தட்டை எனத் தோன்றும் டப்பெற்றின் அடிப்பாகம் உண்மையிற் சிறிது குவிந்தது. மேடும் ஒருபுறம் சிறிது சரிந்தது. அதனால் டப்பெற் மேலும் கீழும் செல்வதோடு தன் அச்சிலும் மெல்லச் சுழல்கின்றது. தேய்வு ஓரிடத்தில் தங்காது பரப்பு முழுவதும் பகிரப்படுகின்றது.

இதனை அறிந்தவருக்கு முதலாவது குறுக்குவழியின் தீங்கு எளிதிற் புலனாகும். புதிய கேம் தண்டை இட்டு, பழைய டப்பெற்றுகளையே திரும்பப் பொருத்துதல் அக்குறுக்குவழியாகும். பழைய டப்பெற்றின் குவிவு தேய்ந்து சமமாகியோ குழிந்தோ இருக்கும். புதிய மேட்டின்மேல் அது சுழலாது நின்று உராயும். கடினப்படுத்தப்பட்ட மேற்படை அழிந்தபின் மேடு விரைந்து கரையும். அதன் பொடி ஒயிலுடன் கலந்து ஏனைய தாங்கிகளையும் கீறும். எட்டு டப்பெற்றுகளின் விலை மிஞ்சியது. கேம் தண்டின் விலை நட்டமாயிற்று.

ஆயினும் பழைய டப்பெற்றுகளை ஒருகாலும் பயன்படுத்தலாகாது என்பது பொருளன்று. வேறொரு திருத்தத்தின் பொருட்டுக் கழற்றிய, பழுதற்ற அதே கேம் தண்டைத் திரும்ப இடுவதாயின், பழுதற்ற பழைய டப்பெற்றுகளும் ஏற்றவையே. ஆனால் ஒவ்வொன்றும் தன் பழைய மேட்டின்மேலேயே அமர்தல் வேண்டும். இலக்கமிட்ட எட்டுத் துளைகளையுடைய ஓர் அட்டை இதற்குப் போதும். அதுபோன்றே, பக்கமூடிகளையுடைய சிறிய 'ஏ' வரிசை இயந்திரங்களில் உருளைத்தலையைக் கழற்றாமலே டப்பெற்றுகளை வெளியே எடுக்கலாம். இவை சிக்கனங்கள்.

அவ்வாறு எடுப்பதற்கு முன் றொக்கர் தொகுதியைக் கழற்றுதல் வேண்டும். இங்கே இரண்டாவது குறுக்குவழி காத்திருக்கின்றது. றொக்கர் தொகுதியைப் பிடித்திருக்கும் முடுக்கிகளில் நான்கு, உருளைத்தலையையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. அந்நான்கை மட்டும் தளர்த்தினால் தலை ஒருபுறம் இழுபட்டு வளையக்கூடும். குளிர்நீர் உருளைகளுள்ளும் ஒயிற் தொட்டியுள்ளும் இறங்கக்கூடும். ஆகவே முதலில் நீரை வடித்து, தலையின் முடுக்கிகள் யாவற்றையும் சிறிது சிறிதாக, ஒழுங்குமுறைப்படி தளர்த்துதல் வேண்டும். விட்டவர்க்கு மிஞ்சுவது சில நிமிடங்களே.

மூன்றாவது, சங்கிலியைக் கண்மதிப்பாற் பூட்டுதல். இரு பற்சில்லுகளிலும் உள்ள அடையாளங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்றல் வேண்டும். கேம் சில்லில் 40 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் தவறுவது அத்தண்டில் 9 பாகை. கிராங்குத் தண்டிலோ 18 பாகை. அத்தகைய இயந்திரம் இயங்கவுங் கூடும். ஆனால் வலுவின்றி, பெற்றோலை வீணாக்கி இயங்கும். தளர்ந்த பழைய சங்கிலியை விட்டுவைப்பதும் இத்தவற்றின் சிறிய வடிவமே. இறுதியாக, குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளியை 0.012 அங்குலமாக அமைத்தல் வேண்டும்.

நான்காவது குறுக்குவழியே மிகக் கொடியது. ஏனெனில் அது வேலை முடிந்ததென எண்ணும் வேளையில் நிகழ்வது. புதிய மேடும் புதிய டப்பெற்றும் ஒன்றற்கொன்று இசைந்து பழகுவது முதல் இருபது நிமிடங்களிலேயாகும். இவ்விடத்துக்கு ஒயில் பெரும்பாலும் கிராங்குத் தண்டு சுழன்று தெறிப்பதனாற் கிடைக்கின்றது. இயந்திரம் மெல்லச் சுழலுமாயின் தெறிப்புக் குறைவு; மேட்டின் உச்சியில் வில்லின் அழுத்தமோ மிகுதி. ஆகையால் மேடுகளுக்கும் டப்பெற்றுகளின் அடிக்கும் உரிய பசையைப் பூசி, புதிய ஒயிலும் வடிகட்டியும் இட்டு, தீப்பொறிக் காலத்தையும் பெற்றோலையும் முன்னரே ஒழுங்குசெய்து, தொடக்கிய உடனே நிமிடத்துக்கு 2000 சுழற்சிகளுக்குக் குறையாது இருபது நிமிடம் வரை ஓடவிடுதல் வேண்டும். காபரேற்றரைச் சரிசெய்வதற்கென மெல்ல ஓடவிட்டு அருகில் நிற்பவர், தம் கண்முன்னேயே புதிய தண்டைத் தேய்க்கின்றார்.

ஒயிலின் தெரிவும் இங்கு முக்கியமானது. நாகமும் பொசுபரசும் அடங்கிய ஒரு சேர்வையே இத்தகைய டப்பெற்றுகளுக்குத் தேய்விலிருந்து காப்பளிக்கின்றது. பிற்காலக் கார்களின் புகைக்குழாயிலுள்ள ஊக்கியைப் பொசுபரசு கெடுப்பதால், 2004 இல் வந்த 'எஸ்எம்' தரத்திற் பல ஒயில்களுக்கு அதன் உச்ச அளவு 0.08 வீதமென வரையறுக்கப்பட்டது. புதிய கார்களுக்கு நன்றாகிய ஒயில், பழைய இயந்திரத்தின் புதிய கேம் தண்டுக்குப் போதாதிருத்தல் கூடும். விலையுயர்ந்தது எதற்கும் ஏற்றது என்பதும் ஒரு குறுக்குவழிச் சிந்தனையே.

இக்குறுக்குவழிகள் பலவற்றிற்கும் பொதுவான இயல்பொன்றுண்டு. வண்டியைக் கையளிக்கும் நாளில் இவை வெளித்தெரிவதில்லை. இயந்திரம் தொடங்கும், ஓடும், உரிமையாளர் நன்றி கூறிப் பணமும் கொடுப்பார். சில வாரங்களின் பின்னரே 'டக் டக்' என்னும் ஒலி எழும். மூடிய இயந்திரத்தினுள்ளே செய்யப்பட்டதையும் விடப்பட்டதையும் அவர் காணவியலாது. தொழிலாளியின் அறிவையும் நேர்மையையும் நம்பியே வண்டியை ஒப்படைத்தார். அந்நம்பிக்கை தேய்ந்தால் அதற்கு மாற்றுறுப்பு எக்கடையிலும் இல்லை.

ஆதலால், கைத்தொழில் கற்பிப்போர் படிகளின் வரிசையை மட்டும் மனனஞ் செய்வித்தல் போதாது. ஒவ்வொரு படியும் எக்கேட்டைத் தடுப்பதற்காக ஏற்பட்டது என்பதையும் உணர்த்துதல் வேண்டும். வரிசையை மட்டும் அறிந்த மாணவன் அவசரம் நேரும்பொழுது எதனையும் விட்டுவிடுவான். காரணத்தை அறிந்தவனோ, விடத்தக்கது எது, விடத்தகாதது எது எனத் தானே தெரிந்துகொள்வான்.