வானூர்தியில் சூடான பானம்

வானத்திற் பறத்தல் முன்னாளிற் கதைகளில் மட்டும் கேட்ட செய்தி. இந்நாளில் அது அன்றாட நிகழ்ச்சி. கடல் கடந்து கற்கச் செல்லும் மாணாக்கரும், தொழிலின்பொருட்டுச் செல்வோரும், தம் மக்களைக் காணச் செல்லும் முதியோரும் விமானத்தில் ஏறி அமர்ந்த சிறிது நேரத்திற்குள் ஒரு கோப்பைக் காப்பியை எதிர்பார்க்கின்றனர். அது வருங்கால் மகிழ்கின்றனர். “இருக்கை வாரைக் கட்டிக்கொள்ளுங்கள், இப்பொழுது சூடான பானம் வழங்கப்படமாட்டாது” என்று அறிவிக்கப்படுங்கால் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். ஒரு வாய்க் காப்பிக்கு இத்துணைக் கட்டுப்பாடோ என்பது அவர்தம் வினா. இவ்வினாவுக்கு விடை காணப் புகின், காற்றின் இயல்பு, வெப்பத்தின் இயல்பு, நம் உடலின் இயல்பு, நமக்குப் பணிபுரிவோர்மாட்டு நமக்குள்ள கடமை ஆகிய நான்கையும் ஒருவாறு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, காற்று. அது என்றும் ஒரே சீராக ஓடும் ஆறன்று. வெயிலாற் சூடேறிய நிலத்தினின்று காற்று மேலெழுகின்றது. இடிமேகங்களுக்குள் மிக்க வேகத்தோடு ஏறியும் இறங்கியும் புரள்கின்றது. மலைத்தொடர்களைக் கடக்கும்போது அலையலையாக எழுந்து வீழ்கின்றது. இவையன்றி, ஏறக்குறைய 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் மேற்கினின்று கிழக்கு நோக்கி விரைந்தோடும் காற்றோட்டங்களும் உள. அவற்றின் ஓரங்களில், விரைந்து செல்லும் காற்றும் மெல்லச் செல்லும் காற்றும் அடுத்தடுத்து ஓடுமிடத்துக் கொந்தளிப்பு உண்டாகின்றது. ஆங்கு மேகம் இராது; வானம் தெளிந்திருக்கும். விமானத்திலுள்ள ரேடார்க் கருவி பெரும்பாலும் மழைத்துளிகளையே காட்டவல்லதாதலால், இக்கொந்தளிப்பு அதற்குப் புலனாவதில்லை. இங்கிலாந்திலுள்ள ரெடிங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வட அட்லாண்டிக் வான்வழியிலுள்ள ஓரிடத்தில் ஓராண்டில் நிகழும் கடுமையான தெளிவானக் கொந்தளிப்பு, 1979-இல் 17.7 மணி நேரமாயிருந்து 2020-இல் 27.4 மணி நேரமாக வளர்ந்துள்ளது. இது நூற்றுக்கு 55 பங்கு மிகுதியாகும். வெம்மை மிகுந்துவரும் உலகத்தில் இத்தொல்லை குறையுமென்று எண்ணுதற்கிடமில்லை.

இனி, கொந்தளிப்பின்போது கோப்பைக்கு நேர்வது யாது? பலகையின்மேல் வைத்த கோப்பையைப் பூமி கீழே இழுக்கின்றது; பலகை அதனைத் தாங்குகின்றது. விமானம் சடுதியிற் கீழிறங்குமாயின் தாங்கும் பலகையும் உடன் இறங்குகின்றது. அவ்விறக்கத்தின் முடுக்கம், கைவிட்ட கல் வீழும் முடுக்கத்தினும் குறைந்ததாயின், பானம் எடை குறைந்து கோப்பைக்குள்ளேயே தளும்பும். இரண்டும் ஒத்திருப்பின் பானம் எடையற்றதாகும். விமானத்தின் இறக்கம் அதனையும் மீறுமாயின், விமானம் கோப்பையை முந்திக்கொண்டு கீழே செல்லும். உள்ளிருப்போர் கண்ணுக்குக் கோப்பையும் பானமும் கூரையை நோக்கி எழும்புவனபோலத் தோன்றும். அடுத்த கணத்தில் அவை கீழே வீழும். எவர்மேல் வீழுமென்று எவரும் கூறவியலாது. காப்பி வேண்டாமென்று மறுத்தவர்மேலும் அது வீழலாம்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், லண்டன் மாநகரினின்று சிங்கப்பூருக்குச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, பர்மா நாட்டின்மேல் 37,000 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தது. 211 பிரயாணிகளும் 18 பணியாளரும் அதில் இருந்தனர். இருக்கை வாரைக் கட்டிக்கொள்ளுமாறு உணர்த்தும் விளக்கு ஏற்றப்பட்டதாக விமானியறையிற் கூறப்பட்டு ஏறத்தாழ 8 விநாடிகளே கழிந்தன. அப்பொழுது, விமானத்துள் இருந்தோர் உணர்ந்த ஈர்ப்பு 0.6 விநாடிக்குள் பூமியின் ஈர்ப்பைப்போல் 1.35 மடங்கினின்று, எதிர்த்திசையில் 1.5 மடங்காக மாறிற்று. வார் கட்டாதோர் மேலே வீசப்பட்டனர். அடுத்த 4 விநாடிக்குள் ஈர்ப்பு மறுபடியும் 1.5 மடங்காகவே, மேலே சென்றோர் கீழே விழுந்தனர். 4.6 விநாடியில் விமானம் இறங்கிய ஆழம் 178 அடி. பிரயாணி ஒருவர் உயிர் நீத்தார், பலர் படுகாயமுற்றனர். சிங்கப்பூர் விசாரணையாளர் வெளியிட்ட முதலறிக்கையில் இக்கணக்குகள் காணப்படுகின்றன. எட்டு விநாடி என்பதை வாசகர் சற்றே சிந்திப்பாராக. கையிற் கொதிநீர்ப் பாத்திரத்துடன் இருக்கை வரிசைகளினிடையே நிற்கும் பணிப்பெண் அதனைப் பத்திரப்படுத்திவிட்டுத் தம் இருக்கைக்குச் சென்று வார் கட்டிக்கொள்ள அது போதுமோ?

இரண்டாவது, வெப்பம். விமானத்தினுள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதினும் குறைவு. அது பெரும்பாலும் 8,000 அடி உயர மலையின்மேல் உள்ள அழுத்தத்திற்குக் குறையாதவாறு காக்கப்படுகின்றது. அவ்வழுத்தத்தில் நீர் 100 டிகிரியிற் கொதியாமல் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலால் விமானத்துக் காப்பி அபாயமற்றதென்று சிலர் கருதுவர், அது பிழை. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் தோலில் வெப்பம் விளைக்கும் கேட்டினை அளந்து வெளியிட்டனர். 60 டிகிரி வெப்பமுள்ள நீர் தோலிற் சுமார் 5 விநாடி தங்கினாலே ஆழ்ந்த புண் உண்டாகுமென்று அவர்தம் ஆராய்ச்சியால் விளங்கிற்று. 70 டிகிரியாயின் ஏறத்தாழ ஒரு விநாடியே போதும். குழந்தைகளின் தோல் மெல்லியதாதலின் இன்னும் விரைவிற் புண்படும்.

நிலத்தில் நம் மடிமேற் காப்பி சிந்தின் நாம் துள்ளியெழுந்து ஆடையை உதறுகின்றோம். விமானத்தில் அது கூடுமோ? முன்னே பலகை, இடுப்பில் வார், இருபுறமும் பிரயாணிகள். கூரையில் மோதாமல் நம்மைக் காக்கின்ற அதே வார், கொதிக்கும் பானம் மடியில் தேங்கும்போது நம்மை எழவொட்டாமற் பிடித்துக்கொள்கின்றது. நனைந்த ஆடை வெப்பத்தைத் தோலோடு சேர்த்து வைக்கின்றது. அவ்வாறு நேர்ந்துவிடின் தோலோடு ஒட்டாத ஆடையை விலக்கி, குளிர்ந்த குடிநீரைச் சுமார் 20 நிமிடம் புண்ணின்மேல் ஊற்றுதலே முதற் சிகிச்சை. பனிக்கட்டியை வைத்தலும், வெண்ணெய், பற்பசை முதலியவற்றைப் பூசுதலும் தீங்கு பயக்கும்.

நிற்க, இப்பணியைச் செய்வோரைக் குறித்தும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகிய எல்லன் சர்ச் அம்மையார், 1930-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் கலிபோர்னியாவினின்று சிகாகோவுக்குச் சென்ற விமானத்திற் பணி தொடங்கினார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர். அந்நாளைய விமானங்கள் மேகங்களுக்குமேல் உயர்ந்து பறக்க வல்லனவல்ல. குலுக்கத்தால் நோயுற்றோரைப் பேணுதற்கென்றே செவிலியர் அமர்த்தப்பட்டனர். எனவே, பானம் வழங்குதல் அவர்தம் தொழிலின் ஒரு பகுதியே. உயிரைப் பேணுதலே அதன் வேர். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் கணக்கின்படி, 2009 முதல் 2022 வரை அந்நாட்டு விமானங்களிற் கொந்தளிப்பாற் படுகாயமுற்றோர் 163 பேர். அவருள் 129 பேர் பணியாளர். பிரயாணிகள் அமர்ந்திருக்கும்போது பணியாளர் நிற்கின்றனர் என்பதே இதன் காரணம். நாம் வற்புறுத்திக் கேட்கும் ஒரு கோப்பைக் காப்பி, அவரை நிற்கச் செய்கின்றது.

இவ்வுண்மைகளை உணர்ந்தே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இலேசான குலுக்கத்திலேயே சூடான பானத்தை நிறுத்துதல், நடுத்தரக் குலுக்கத்தில் எல்லாப் பரிமாறுதலையும் நிறுத்தி வண்டிகளைக் கட்டுதல், கடுமையானது திடீரெனத் தாக்கின் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அருகிலுள்ள இருக்கையில் உடனே அமர்ந்து வார் கட்டிக்கொள்ளுதல் என்பன அவற்றின் சாரம். சிங்கப்பூர் நிறுவனத்தில் விளக்கு எரியும்போது சூடான பானம் நிறுத்தப்படுதல் முன்னரே வழக்கம். 2024-ஆம் ஆண்டு விபத்திற்குப்பின் உணவு பரிமாறுதலும் அவ்வாறே நிறுத்தப்பட்டது. கொரிய விமான நிறுவனம் ஒன்று அவ்வாண்டு ஆகஸ்டு 15 முதல், சாதாரண வகுப்பிற் கொதிநீர் ஊற்றிய நூடுல்ஸ் வழங்குதலைக் கைவிட்டது.

சட்டமும் இதிற் கண்ணுறங்கவில்லை. ஸ்பெயினுக்குரிய மயோர்க்காத் தீவினின்று வியன்னாவுக்குச் சென்ற விமானமொன்றில், தந்தையின் முன்னிருந்த பலகையினின்று காப்பிக் கோப்பை சரிந்து, அருகிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சுட்டது. பலகையின் பழுதோ, விமானத்தின் அதிர்வோ, எது காரணமென்று நிறுவ இயலவில்லை. எனினும், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்து நீதிமன்றம், பிரயாணிகளுக்குப் பரிமாறப் பயன்படும் பொருளால் உடற்காயம் நேரின் அது 1999-ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையிற் கூறிய விபத்தேயாம் என்றும், பறத்தலுக்கே உரிய ஆபத்தால் அது நேர்ந்ததெனக் காட்டவேண்டுவதில்லை என்றும் தீர்ப்பளித்தது.

மறுபுறமும் நோக்குதல் நீதி. எச்சரிக்கை விளக்கு காரணமின்றி நெடுநேரம் எரியுமாயின் பிரயாணிகள் அதனை மதியாதொழிவர். மதிப்பிழந்த எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாமைக்கு ஒப்பாகும். ஆதலின் விமானிகள் அதனை அளவறிந்து பயன்படுத்துதல் வேண்டும். பணியாளரும் கோப்பையை விளிம்புவரை நிரப்பாமலும், குழந்தையின் தலைக்குமேல் நீட்டாமலும், மூடியிட்டும் வழங்குதல் நன்று. பிரயாணியோ, கோப்பையைக் கையிற் பெற்றபின் அதனைத் தன் பொறுப்பாகக் கொள்ளல் வேண்டும்.

விருந்தோம்பல் நம் முன்னோர் போற்றிய அறம். வந்தவர்க்கு இல்லையென்னாது கொடுப்பதே அதன் இலக்கணமெனப் பலர் கருதுவர். ஆயினும் காய்ச்சலுற்ற மகன் கேட்ட பண்டத்தை மறுக்கும் தாய் அன்பற்றவள் அல்லள். மாணவ நண்பர்களே! நும்முட் பலர் வருங்காலத்தில் வானூர்தியிற் செல்வீர். சிலர் அதிற் பணிபுரியவும் கூடும். விமானம் குலுங்கும்போது பணிப்பெண் வெறுங்கையுடன் தம் இருக்கைக்குத் திரும்புவாராயின், அவர் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று உணர்மின். காப்பி காத்திருக்கும், வெந்த தோல் எளிதில் ஆறாது.