தோல்வியை எண்ணும் மனம்

காங்கேயத்தில் என் மாலை நடை, சிலம்பம் பயிலும் சிறுவர்களைக் கடந்தே செல்கிறது. அண்மையில், போட்டிக்குப் புறப்பட்ட மகனிடம் ஒரு தந்தை, "தோத்துப்போட்டு மட்டும் வந்துராத கண்ணு" என்றார். ஊக்கப்படுத்துவதாகவே அவர் எண்ணியிருப்பார். ஆனால், களம் இறங்கும் முன்பே அச்சிறுவனுக்கு இரண்டாவது எதிராளி ஒருவர் சேர்ந்துவிட்டார்.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் எனக்கு இது பழகிய செய்தி. நூறு ரூபாய் பெறும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாயை இழக்கும் வலியே மனத்தில் பெரிதாகப் பதிகிறது என்று 1979இல் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் விளக்கினர். அதனால் வெல்ல முயல்வதைவிட, இழக்காதிருக்கவே மனிதர்கள் பாடுபடுகிறார்கள். சந்தையில் இதன் விளைவு தயக்கம். வாள் களத்திலோ, கணப்பொழுது தயங்கியவர் அடிபடுகிறார்.

ஜப்பானியரின் மூங்கில் வாள் கலையான கெண்டோ இதை நன்கறியும். திகைப்பு, அச்சம், ஐயம், குழப்பம் ஆகிய நான்கும் வாள்வீரரின் நோய்கள் என்று அங்கே கற்பிக்கப்படுகிறது. தலை, மணிக்கட்டு, உடற்பகுதி, தொண்டை என இலக்குகள் நான்கே. எனினும், வாள் இலக்கில் பட்டால் மட்டும் புள்ளி கிடைக்காது. குரலிலும் உடலிலும் உறுதி வெளிப்பட வேண்டும். அடித்த பின்னும் விழிப்பு நீடிக்க வேண்டும். மகிழ்ச்சியில் துள்ளினால், வழங்கிய புள்ளியையே நடுவர்கள் திரும்பப் பெறலாம். கணக்கை மறந்து செயலில் நிலைக்குமாறு மனத்தைப் பழக்கும் விதியாகவே இதை நான் காண்கிறேன்.

மேலைநாட்டு வாள்வீச்சில் நமக்கும் ஒரு சான்று உண்டு. ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர், சென்னையின் பவானி தேவி. 2021இல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என வென்ற அவர், அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். பின்னர் சமூக ஊடகத்தில் மன்னிப்பும் கேட்டார். எந்த இந்தியரும் எட்டாத இடத்தை எட்டியவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? நம் பேரேட்டில் இழப்புப் பக்கத்தை மட்டுமே நாம் புரட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அதுவரை ஒருமுறையும் வெல்ல முடியாதிருந்த உலகச் சாம்பியன், ஜப்பானின் மிசாகி எமுராவை, 2023 ஜூனில் சீனாவின் வூஷியில் நடந்த ஆசியப் போட்டியில் 15-10 என வீழ்த்தி வெண்கலம் பெற்றார். முந்தைய தோல்விகளை இழப்பென்று மட்டும் எழுதி மூடியிருந்தால் இந்த வெற்றி வாய்த்திராது.

கொப்பரை விலை ஒரு பருவத்தில் சரிந்ததற்காக எங்கள் ஊரில் யாரும் தென்னையை வெட்டிவிடுவதில்லை. அந்தப் பொறுமையைப் பிள்ளைகளிடமும் காட்டலாம். வீடு திரும்பும் சிறுவனிடம், "செயிச்சியா?" என்பதற்கு முன், "எப்படி ஆடுன கண்ணு?" என்று அந்தத் தந்தை கேட்டாலே போதும்.